மண் வாசலிலிருந்து ஏழாம் மாடிக்கு: அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழப் பழகுதல்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய முதலமடை போன்ற ஊராட்சிகளில் 'அரசு வீடு' என்றால் பெரும்பாலும் தரையோடு ஒட்டிய தனி வீட்டையே குறிக்கும். சிறிதளவு நிலம் வைத்திருப்போர் மாநில அரசின் லைஃப் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் உதவி பெற்று வீடு கட்டிக்கொள்கின்றனர். நிலமும் இல்லாதோருக்கு அத்திட்டம் காட்டும் வழிகளுள் ஒன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. இடுக்கி மாவட்டம் கரிமண்ணூர் உள்ளிட்ட நான்கு இடங்களில் இத்தகைய குடியிருப்புகள் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டன. நான்கிலும் சேர்த்து 174 குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது.

கேரளத்துக்கு இது புதிய அனுபவம். எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டில் இதற்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. மண் தரையில் வாழ்ந்த குடும்பம் மாடிக்குப் பெயரும்போது எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது, எவற்றுக்குப் பழக வேண்டியிருக்கிறது என்பதைச் சென்னையின் தென்கோடிக் குடியிருப்புகள் தெளிவாகக் காட்டுகின்றன.

கண்ணகி நகர் முதல் பெரும்பாக்கம் வரை

மு.கருணாநிதி முதலமைச்சராக இருந்த 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. அதற்கான சட்டம் 1971-இல் இயற்றப்பட்டது. குடிசைகள் இருந்த இடத்திலோ அருகிலோ தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட கட்டடங்களை எழுப்புவது தொடக்ககால வழக்கம். மக்கள் மாடி ஏறினர். ஆனால் தெரு மாறவில்லை. வேலையும் பள்ளியும் கடன் கொடுக்கும் மளிகைக் கடையும் அங்கேயே இருந்தன.

2000-க்குப் பிறகு இந்த நிலை மாறியது. நகரின் நடுவே கூவம், அடையாறு ஆகியவற்றின் கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் வாழ்ந்தோர் நகர விளிம்புக்கு அனுப்பப்பட்டனர். துரைப்பாக்கம் அருகே கண்ணகி நகரில் 15,656 வீடுகள் எழுந்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரக் குடும்பங்கள் பலவும் குடியமர்த்தப்பட்ட செம்மஞ்சேரியில் 6,764 வீடுகள் உள்ளன. பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் திட்டமிடப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெருமளவில் இங்குதான் கொண்டுவரப்பட்டன. தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடிகளும் லிஃப்ட்டும் கொண்ட பிளாக்குகள், அவற்றுள் 400 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகள் என்பதே பெரும்பாக்கத்தின் அமைப்பு. வாரியத்தின் பெயர் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாற்றப்பட்டது.

மாடிக்குப் புதியவர்கள்

'குடிசையில் வாழ்ந்தவர்களுக்கு அடுக்குமாடியில் வாழத் தெரியாது' என்ற பேச்சு சென்னையில் அடிக்கடி கேட்கப்படுவது. இன்று பொது வீடமைப்புக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும் சிங்கப்பூரின் தொடக்கம் எப்படி இருந்தது என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். அங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960-இல் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு மே 25 அன்று புக்கிட் ஹோ ஸ்வீ குடிசைப் பகுதியில் மூண்ட தீ ஏறத்தாழ 16 ஆயிரம் பேரின் வீடுகளைப் பறித்தது. அவர்களுக்காக அவசரமாக மாடிவீடுகள் கட்டப்பட்டன. கம்பத்து வாழ்க்கையிலிருந்து மாடிக்கு வந்த முதல் தலைமுறையைப் பற்றி லீ குவான் யூ தமது நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். பன்றிகளை விட்டுப் பிரிய மனமில்லாமல் அவற்றைப் படிகளில் ஏற்றிச் சென்றவர்கள், சமையலறையில் கோழியும் வாத்தும் வளர்த்த குடும்பம், லிஃப்ட்டுக்கு அஞ்சிப் படியேறியவர்கள், மின்விளக்கு இருக்க மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றியவர்கள் எனப் பலர் அதில் வருகின்றனர். பழக்கம் ஒரு தலைமுறைக்குள் மாறிவிட்டது. ஆகவே பழக்கமின்மையை நிரந்தரக் குறையாகக் கருத இடமில்லை.

சிங்கப்பூரில் மாடிவீட்டைச் சுற்றியே சந்தையும் பள்ளியும் வேலையும் அமைக்கப்பட்டன. பெரும்பாக்கத்துக்கு மக்கள் முதலில் வந்தனர். மற்றவை பின்னர் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு ஊர்களின் அனுபவங்களும் வேறுபடுவதற்கு இந்த வரிசை மாற்றமே பெரும் காரணம்.

வாசல் இல்லாத வீடு

குடிசையின் பரப்பளவு சிறிதாக இருந்தாலும் அதன் வாழ்க்கை பாதி வாசலில்தான் நடந்தது. பாத்திரம் துலக்குவது, துணி உலர்த்துவது, மீன் அலசுவது, மாலையில் பெண்கள் கூடிப் பேசுவது, முதியோர் கட்டில் போட்டு அமர்வது, தையல் இயந்திரத்தையோ இட்லிப் பானையையோ வைத்து நான்கு காசு பார்ப்பது எல்லாம் அங்கேதான். மாடிவீட்டில் இவை அனைத்தும் ஓர் அறைக்குள்ளும் பொது நடைபாதைக்குள்ளும் அடங்க வேண்டும். கதவுக்கு வெளியே ஒரு முழக் கோலம் போட இடமுண்டு. ஆனால் அந்த இடம் எதிர்வீட்டுக்காரருக்கும் பொது. அங்கே வைக்கும் குடமும் காலணி அடுக்கும் பூந்தொட்டியும் அண்டை வீட்டுச் சண்டைக்கு விதையாகின்றன.

தள்ளுவண்டியோ மீன்பாடி வண்டியோ வைத்துப் பிழைப்போருக்கு இது இன்னும் கடினம். இரவில் வண்டியைக் கீழே விட்டுவிட்டு ஏழாம் மாடியில் உறங்க எல்லோருக்கும் மனம் வருவதில்லை. மேல்மாடியில் இறப்பு நேர்ந்தால் பிளாக்குகளுக்கு இடையே பந்தலிட்டு, உடலைக் கீழே இறக்கியே சடங்குகளை முடிக்க வேண்டியுள்ளது. லிஃப்ட் இயங்காத நாளில் முதியோரும் கர்ப்பிணிகளும் மாற்றுத்திறனாளிகளும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகின்றனர். குழாயில் தண்ணீர் ஏறாத நாளில் குடங்களைப் படி வழியே சுமப்பது பெரும்பாலும் பெண்களே.

மறுபுறம், வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாத கூரை, வீட்டுக்குள் கழிப்பறை, பெயரில் ஒரு மின் இணைப்பு ஆகியவை மாடிவீடு தந்தவை. ஆற்றங்கரையில் இருள் கவிந்த பின்னரே ஒதுங்கச் செல்ல முடிந்த பெண்களுக்கு உள்கழிப்பறையின் மதிப்பை எவரும் விளக்க வேண்டியதில்லை.

தூரத்தின் கணக்கு

மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ காலையில் நடந்துசென்று மூன்று வீடுகளில் வேலை பார்த்த பெண் பெரும்பாக்கத்துக்கு வந்த பின் அதே வேலைக்கு இரண்டு பேருந்துகள் மாற வேண்டியிருக்கலாம். மூன்று வீட்டு வேலை ஒரு வீடாகக் குறைவதும், வேலையே கைவிட்டுப் போவதும் இதனால்தான். 2021 மே மாதம் முதல் அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அளிக்கப்பட்டதால் பணச்செலவு குறைந்தது. நேரச்செலவு அப்படியே இருக்கிறது. கூவம் கரையிலிருந்து இடம்பெயர்க்கப்பட்ட குடும்பங்களுக்கு இடமாற்றத்துக்கு 5,000 ரூபாயும், ஓராண்டுக்கு மாதம் 2,500 ரூபாய் வாழ்வாதார உதவியும் அறிவிக்கப்பட்டன. இழந்த வேலையை ஓராண்டுக்குள் ஈடுசெய்ய எல்லாக் குடும்பங்களாலும் இயலாது. தில்லியைச் சேர்ந்த வீட்டு மற்றும் நில உரிமைகள் வலையமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆய்வு, தில்லி, மும்பை நகரங்களின் மறுகுடியமர்வு இடங்களுடன் கண்ணகி நகரையும் எடுத்துக்கொண்டு இந்தப் பாதிப்புகளைப் பதிவு செய்தது.

முகவரியும் ஒரு சுமை. கண்ணகி நகர் என்றதும் வேலை தரவும் கடன் தரவும் தயங்குகின்றனர் என்பது அங்குள்ள இளைஞர்களின் நெடுநாள் முறையீடு. 2020-இல் கட்டடச் சுவர்களில் வரையப்பட்ட பேரோவியங்கள் பார்வையாளர்களை வரவழைத்தன. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகரின் கார்த்திகா இடம்பெற்றிருந்தார். அவர் ஊர் திரும்பியபோது ஊர்ப்பெயரும் பெருமையுடன் ஒலித்தது.

யார் பெருக்குவது?

ஒரே பிளாக்கில் நூறு குடும்பங்களுக்கு மேல் வாழும்போது படிக்கட்டு யாருக்குச் சொந்தம் என்பது சிறிய கேள்வியன்று. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1954-இல் திறக்கப்பட்ட புருயிட்-ஐகோ குடியிருப்பில் 11 மாடிக் கட்டடங்கள் 33 இருந்தன. பராமரிப்புக்கு வாடகைப் பணத்தையே நம்பியிருந்த அக்குடியிருப்பில் குடியிருப்போர் குறைந்தபோது பராமரிப்பும் நின்றது. 1972-இல் அதை இடிக்கத் தொடங்கினர்.

தமிழ்நாட்டில் 2021-இல் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்ற திட்டம் கொண்டுவரப்பட்டது. குடியிருப்போர் நலச்சங்கம் அமைத்து மாதச் சந்தா திரட்டினால் அரசும் தன் பங்கைச் சேர்க்கும். தூய்மைப் பணியும் சிறு பழுதுகளும் சங்கத்தின் பொறுப்பு. வேலை நிலைத்த பிளாக்குகளில் சந்தா வசூலாவது எளிது. நாட்கூலியை நம்பிய குடும்பங்களிடம் கேட்பது கடினம். லிஃப்ட் பழுது போன்ற பெருஞ்செலவை அவர்கள் தலையில் சுமத்துவதும் நியாயமாகாது.

குடியேறும் குடும்பம் முதல் வாரங்களில் கவனிக்க வேண்டியவை

ஒதுக்கீட்டு ஆணையில் பெயரும் வீட்டு எண்ணும் சரியாக உள்ளனவா எனப் பார்த்து நகல் எடுத்து வைப்பது முதல் வேலை. ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் எரிவாயு இணைப்பிலும் முகவரியை மாற்றாவிட்டால் அரிசிக்கும் சிலிண்டருக்கும் பழைய இடத்துக்கே அலைய நேரிடும். குழந்தைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழை உடனே பெறுவது நல்லது. ஆண்டின் நடுவே பெயர்ந்து, தினமும் பழைய பள்ளிக்கே பயணம் செய்து, தேர்வுக்குள் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் இக்குடியிருப்புகளில் உண்டு. தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் மறுகுடியமர்வுக் கொள்கை வரைவை வெளியிட்டபோது கல்வியாண்டின் நடுவே வீடுகளை அகற்றக் கூடாது என்று செயற்பாட்டாளர்கள் வலியுறுத்தியதும் இதனால்தான். தவணை செலுத்தும் வீடாக இருந்தால் ஒவ்வொரு ரசீதையும் பாதுகாக்க வேண்டும்; நிலுவை முழுவதும் தீர்ந்த பின்னரே கிரயப் பத்திரம் கிடைக்கும்.