மகனின் இதயத்தைக் கொடுத்த பெற்றோர்: ஹிதேந்திரனுக்குப் பிறகு உறுப்பு தானம்

‘சென்னையில் ஒரு நாள்’ திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கார்ப் பயணம் நினைவிருக்கும். மூளைச்சாவு அடைந்த இளைஞனின் இதயத்தைச் சுமந்துகொண்டு போக்குவரத்துக் காவலராக வரும் சேரன் வண்டி ஓட்டுவார். 2013-இல் வெளிவந்த அந்தப் படம், 2011-இல் வந்த ‘டிராஃபிக்’ என்ற மலையாளப் படத்தின் மறு ஆக்கம். மலையாளப் படத்துக்கு வித்திட்டதோ 2008-இல் சென்னையில் நடந்த உண்மைச் சம்பவம். சுற்றி வந்து கதை மீண்டும் சென்னைக்கே சேர்ந்தது.

படம் வேகத்தைப் பற்றிப் பேசியது. ஆனால் அந்தச் சம்பவத்தில் நாம் அறிந்துகொள்ள வேண்டியது வண்டி கிளம்புவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

ஹிதேந்திரனுக்கு அப்போது வயது 15. செங்கல்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர் அசோகன், புஷ்பாஞ்சலி ஆகியோரின் மகன். 2008 செப்டம்பர் மாதம் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் பலத்த அடிபட்டது. சென்னையில் சிகிச்சை அளித்தும் பலனில்லை. மூளை செயலிழந்துவிட்டது என்று மருத்துவர்கள் உறுதிசெய்தனர்.

மகனின் உறுப்புகளைக் கொடுக்கப் பெற்றோர் முன்வந்தனர். செப்டம்பர் 23 அன்று தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் மருத்துவமனைக்கு இதயம் கொண்டுசெல்லப்பட்டது. காவல் துறை வழிநெடுகப் போக்குவரத்தை நிறுத்தி வைக்க, வழக்கமாக முக்கால் மணி நேரம் பிடிக்கும் தூரத்தை வண்டி 11 நிமிடத்தில் கடந்தது. இதயத்தைப் பெற்றவர் பெங்களூரைச் சேர்ந்த 9 வயதுச் சிறுமி. கல்லீரல், சிறுநீரகங்கள், கண்கள் ஆகியவையும் தானமாக அளிக்கப்பட்டன.

மூளைச்சாவு என்றால் என்ன என்பதை இங்கே விளக்கியாக வேண்டும். பலரும் அதைக் கோமாவோடு குழப்பிக்கொள்கின்றனர். கோமாவில் இருப்பவரின் மூளை பாதிக்கப்பட்டிருந்தாலும் உயிரோடு இருக்கிறது; அவர் கண் விழிக்கவும் கூடும். மூளைச்சாவில், மூச்சையும் விழிப்பையும் இயக்கும் மூளைத்தண்டு முற்றாக நின்றுவிடுகிறது. அது திரும்ப வராது. கண்ணின் பாவை வெளிச்சத்துக்கு அசைகிறதா, சுவாசக் கருவியைச் சற்று விலக்கினால் உடல் தானாக மூச்சிழுக்க முயல்கிறதா என்றெல்லாம் சோதிப்பார்கள். இந்தியாவில் இச்சோதனைகளை ஆறு மணி நேர இடைவெளி விட்டு இருமுறை செய்கின்றனர். உறுப்பு மாற்று அறுவை சிகிச்சையில் பங்குபெறும் மருத்துவர்களுக்கு மூளைச்சாவை உறுதிசெய்யும் வேலையில் இடமில்லை.

சட்டப்படி அது மரணம். ஆனால் பெற்றோர் கண்ணுக்குத் தெரிவது வேறு. கருவியின் உதவியால் பிள்ளையின் மார்பு ஏறி இறங்குகிறது. கையைப் பிடித்தால் சூடாக இருக்கிறது. பக்கத்துத் திரையில் இதயத் துடிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. ‘இறந்துவிட்டான்’ என்று மருத்துவர் சொல்வதை எந்தத் தாய் உடனே நம்புவாள்? உறுப்பு தானம் பற்றிய கேள்வி அந்த நேரத்தில்தான் வருகிறது. யோசித்துச் சொல்கிறோம் என்று நாள் கணக்கில் தள்ளிப்போடவும் முடியாது. கருவியின் துணையோடும் உடல் நீண்ட நாள் தாங்காது. வெளியே எடுத்த இதயம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்குள் இன்னொருவர் உடலில் துடிக்க வேண்டும்.

அசோகனும் புஷ்பாஞ்சலியும் மருத்துவர்கள் என்பதால் அவர்களுக்கு அது எளிதாக இருந்திருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அறிவு ஏற்பதும் மனம் ஏற்பதும் ஒன்றல்ல. மருத்துவம் தெரிந்திருந்ததால், அற்புதம் ஏதும் நடக்கும் என்று நம்பி ஏமாறும் ஆறுதல்கூட அவர்களுக்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அதன் பிறகு அவர்கள் வீட்டுக்குள் ஒடுங்கிவிடவில்லை. உறுப்பு தானத்தை வலியுறுத்திப் பொதுமக்களிடம் பேசத் தொடங்கினர். உறுப்பு தானத்தின் பயனை எடுத்துச் சொல்ல மருத்துவர்கள் எத்தனையோ பேர் இருக்கின்றனர். பிள்ளையைக் கொடுத்தவர்கள் வந்து நிற்கும்போது கேட்பவர்களின் மனத்தில் எழும் கேள்வி வேறு: ‘எங்கள் வீட்டில் நடந்தால் நாங்கள் என்ன செய்வோம்?’

அன்றைய தமிழ்நாட்டில் இது சிறிய விஷயமல்ல. சிறுநீரகம் என்றாலே விற்பனைதான் நினைவுக்கு வந்த காலம் அது. சென்னையின் வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்றே பெயர் விழுந்திருந்தது. சுனாமியில் வாழ்வைத் தொலைத்த குடும்பத்துப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2007-இல் நாட்டையே உலுக்கியது. அந்த ஊரில்தான் ஒரு காசும் வாங்காமல் பெற்றோர் தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள்.

இறந்தோரிடமிருந்து உறுப்புகளைப் பெறும் அரசின் முறையான திட்டம் அதே 2008 அக்டோபரில் செயல்படத் தொடங்கியது. ஹிதேந்திரனால்தான் திட்டம் பிறந்தது என்று சொல்வது மிகை. அதற்கான அரசாணைகளை வகுக்கும் வேலை அந்த ஆண்டில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. ஆணையால் வரவழைக்க முடியாத ஒன்றை, அதாவது குடும்பங்களின் சம்மதத்தை, அந்தப் பெற்றோரின் முடிவு கொண்டுவந்தது. பின்னர் ‘டிரான்ஸ்டான்’ என்னும் உறுப்பு மாற்று ஆணையம் அமைந்தது. உறுப்பு தானத்தில் இந்தியாவின் முன்னணி மாநிலமாகத் தமிழ்நாடு வளர்ந்தது. உறுப்பு தானம் செய்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2023 செப்டம்பரில் அறிவித்தார்.

மலேசியாவில் நிலைமை எப்படி? இங்கே சிறுநீரகத்துக்காகப் பதிவுசெய்து காத்திருப்போர் எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டிவிட்டது. இது இந்தியச் சமூகத்துக்குத் தூரத்து விவகாரமல்ல. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு, அதாவது மூவரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. சிறுநீரகச் செயலிழப்புக்கு நீரிழிவே முதன்மைக் காரணம். டயாலிசிஸ் மையத்துக்கு வாரம் மூன்று முறை போய்வரும் உறவினர் இல்லாத குடும்பம் நம்மில் எத்தனை?

மலேசியாவில் உறுப்பு தானம் 1974-ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டப்படி, விருப்பத்தின் பேரில் நடக்கிறது. ‘மைசெஜாத்ரா’ செயலியிலோ சுகாதார அமைச்சின் உறுப்பு தான இணையத்தளத்திலோ சில நிமிடங்களில் பதிந்துகொள்ளலாம். ஆனால் பதிந்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. இறந்தவர் பதிந்திருந்தாலும் மருத்துவமனை குடும்பத்தாரின் சம்மதத்தைக் கேட்கிறது. ‘வேண்டாம்’ என்று அவர்கள் சொன்னால் உறுப்புகள் எடுக்கப்படுவதில்லை. மகன் பதிந்திருந்தது அப்பாவுக்கே தெரியாமல் இருந்தால், அவசரத்தில் வாயில் வருவது பெரும்பாலும் ‘வேண்டாம்’தான்.

சிங்கப்பூரின் முறை நேரெதிர். அங்குள்ள மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, 21 வயதைத் தாண்டிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும், விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுக்காதவரை, சம்மதித்தவர்களாகவே கருதப்படுவர். சிறுநீரகம், கல்லீரல், இதயம், கண்ணின் கருவிழிப்படலம் ஆகியவற்றுக்கு அது பொருந்தும். 2008-இல் முஸ்லிம்களும் அதற்குள் சேர்க்கப்பட்டனர்.

ஆனால் ஹிதேந்திரனின் வயதுப் பிள்ளைகளை அந்தச் சட்டம் தொடுவதில்லை. பிள்ளை என்று வரும்போது, சட்டம் எப்படி இருந்தாலும், இரண்டு நாடுகளிலும் முடிவு பெற்றோர் கையில்தான்.

தயங்கும் குடும்பங்கள் வழக்கமாகக் கேட்பவை சில உண்டு. உடல் சிதைந்துவிடுமா? மற்ற அறுவை சிகிச்சைகளைப் போலவே தையலிட்டு ஒப்படைக்கப்படும். முகம் பார்த்துச் சடங்குகளைச் செய்யலாம். செலவு? உறுப்புகளை எடுக்கும் சிகிச்சைக்குக் குடும்பத்திடம் கட்டணம் வாங்குவதில்லை. ‘உறுப்பில்லாமல் பிறந்தால்?’ என்ற மறுபிறவி அச்சத்தையும் வயதானவர்கள் வாயிலிருந்து கேட்கலாம். எரியூட்டும் வழக்கமுள்ள சமூகத்தில் அந்த அச்சம் எப்படி நிலைத்தது என்பது வியப்புதான். உடலை விட்டு உயிர் செல்வதைப் பழைய துணியைக் களைவதோடு ஒப்பிடும் சமயம் நம்முடையது.

ஹிதேந்திரனின் பெற்றோருக்கும் இங்கே சம்மதிக்கும் பெற்றோருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மகனின் இதயம் யாரிடம் போனது என்பது அவர்களுக்குத் தெரியும். நாளிதழ்கள் அதைத் தலைப்புச் செய்தியாக்கின. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்ற விவரம் இரகசியமாகக் காக்கப்படுகிறது. இங்கே கையெழுத்திடும் தாய்க்குத் தன் பிள்ளையின் இதயம் எந்த ஊரில், யார் மார்பில் துடிக்கிறது என்று சொல்லப்படுவதில்லை.