அருட்சகோதரர்

கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளைக் கொடுத்துக் கத்தோலிக்கத் துறவற சபையில் வாழும், ஆனால் குருப்பட்டம் பெறாத ஆண் துறவி. பூசை வைப்பதும் பாவசங்கீர்த்தனம் கேட்பதும் குருவின் பணி, இவருடையது அல்ல. தூத்துக்குடியிலும் அதையொட்டிய மாப்பிள்ளையூரணியிலும் பேச்சில் இவர் ‘பிரதர்’. குருமடத்தில் படிக்கும் மாணவரையும் அப்படியே அழைப்பதால், பிரதர் என்றால் சாமியார் ஆகப்போகிறவர் என்ற தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது.

‘சகோதரர்’ வடசொல், ஒரே வயிற்றில் பிறந்தவர் என்று பொருள். தமிழின் ‘உடன்பிறந்தார்’ சொல்வதும் அதுவே. புதிய ஏற்பாட்டில் வரும் ‘அடெல்ஃபோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கும் கருப்பையே வேர். தொடக்கத்தில் அது விசுவாசிகள் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. லத்தீனில் அது ‘ஃபிராத்தெர்’ ஆயிற்று. 13-ஆம் நூற்றாண்டில் அசிசி நகர் பிரான்சிஸ் தம்மோடு சேர்ந்தவர்களைச் ‘சிறிய சகோதரர்கள்’ என்றார். அவரும் குருப்பட்டம் பெற்றவரல்லர். மடங்களில் குருக்கள் பெருகியபின், சமையல், தோட்டம், தச்சு என்று கைவேலை பார்த்தவர்களுக்கே பெரும்பாலும் அந்தப் பெயர் மிஞ்சியது.

தூத்துக்குடி அடங்கிய முத்துக்குளித்துறைக்கு இயேசு சபைக் குரு பிரான்சிஸ் சவேரியார் வந்தது 1542-இல். குருக்களுக்குத் துணையாகச் சகோதரர்களைச் சேர்க்க இயேசு சபைக்குப் பாப்பரசர் மூன்றாம் பவுல் அனுமதி தந்தது 1546-இல். இந்தக் கரையின் வரலாற்றில் குருக்களின் பெயர்களே உரக்கக் கேட்கின்றன. ஆனால் 1556-இல் அச்சுப்பொறியோடு கோவாவில் வந்திறங்கி அதை இயக்கிய புஸ்தமாந்தே ஒரு சகோதரர். 1577-இல் அங்கே தமிழ் எழுத்துகளை வார்த்த ஜுவான் கொன்சால்வஸும் சகோதரரே. மறு ஆண்டு கொல்லத்தில் 16 பக்கங்களோடு வெளிவந்த ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழாக்கியவர் இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார். செலவுக்குப் பணம் தந்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள். கொல்லத்தில் புதிதாக வார்த்த எழுத்துகளின் மாதிரியோடு கோவா எழுத்துகளின் மாதிரியும் அந்நூலின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. தமிழ் அச்சு வரலாற்றில் கொன்சால்வஸுக்கு இன்னும் பெரிய இடம் கொடுக்க வேண்டும்.

ஏவலுக்கு நிற்கும் துணையாள் என்ற நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் பிரான்சின் ஜான் பாப்டிஸ்ட் தெ லசால். 1680-களில் ரெய்ம்ஸ் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆசிரியர்களை ஒரு சபையாகத் திரட்டிய அவர், அதில் யாரும் குருவாகக் கூடாது என்று முடிவு செய்தார். பள்ளிக்கூடமே அவர்களுடைய பீடம். வேல்ஸ் நாட்டிலிருந்து இலங்கை வழியாகத் தமிழகம் வந்து, ஜி.கல்லுப்பட்டியில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு வீடமைத்துத் தந்து, 2017-இல் மறைந்த ஜேம்ஸ் கிம்ப்டன் அந்தச் சபையைச் சேர்ந்தவர்.

குருப்பட்டம் இல்லாத துறவற வாழ்வு தன்னளவில் முழுமையானது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் தெளிவுபடுத்தியது. பழைய ஏடுகளில் ‘சங்கைக்குரிய’ என்ற அடைமொழி நின்ற இடத்தில் இன்று ‘அருள்’ நிற்கிறது. குருவுக்கு அருட்தந்தை, கன்னியருக்கு அருட்சகோதரி, இவருக்கு அருட்சகோதரர். இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரும் இவ்வாறே எழுதுகிறார்கள்.