டிக்னிட்டாஸ் என்னும் மாண்பு

கத்தோலிக்கத் திருச்சபை தமிழில் ‘மனித மாண்பு’ என்று எழுதுவது ‘டிக்னிட்டாஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்த கருத்து. ‘தகும்’ என்னும் பொருளுடைய வேரில் பிறந்தது அச்சொல். ஒருவருக்குத் தகுவது எது என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதே ரோமர் எண்ணம். குலத்தாலும் பதவியாலும் போர் வெற்றியாலும் டிக்னிட்டாஸ் கூடும். பழி வந்தால் குறையும். கி.மு. 49இல் படையோடு ரூபிக்கான் ஆற்றைக் கடந்த ஜூலியஸ் சீசர், தம் டிக்னிட்டாஸைக் காக்கவே அவ்வாறு செய்ததாக வாதிட்டார். இன்று அமைச்சர் பெயருக்கு முன் இடும் ‘மாண்புமிகு’வும் ஏறத்தாழ இந்தப் பொருளில்தான் நிற்கிறது.

கி.மு. 44இல் மகனுக்கு எழுதிய ‘கடமைகள்’ நூலில் சிசரோ, விலங்கினும் மனித இயல்பு உயர்ந்தது என்று காட்டவும் இச்சொல்லை ஆண்டார். அந்தப் பொருள் நெடுங்காலம் ஓரத்திலேயே கிடந்தது.

கிறிஸ்தவக் கருத்துக்கு அடிப்படை வேறிடத்தில் இருக்கிறது. மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டனர் என்கிறது தொடக்க நூல் (1:27). அந்தச் சாயலையும் ரோமரின் பதவிச் சொல்லையும் இணைத்தது திருவழிபாடு. 440 முதல் 461 வரை திருத்தந்தையாக இருந்த பெரிய லியோ, கிறிஸ்து பிறப்பு விழா மறையுரையில், திருமுழுக்குப் பெற்றோர் தங்கள் மாண்பை உணர வேண்டும் என்றார். பழைய ரோமை மன்றாட்டு ஒன்று இதைவிட அகலமானது: மனித இயல்பின் மாண்பு படைப்பிலேயே அமைந்தது, மீட்பில் புதுப்பிக்கப்பட்டது என்று அது கருதுகிறது. திருப்பலியில் திராட்சை இரசத்தோடு தண்ணீரைக் கலக்கும்போது குருக்கள் பல நூற்றாண்டுகள் இதைச் சொல்லிவந்தனர். அதே திருச்சபையில் பேராலயப் பதவிகளுக்கும் ‘டிக்னிட்டாஸ்’ என்றே பெயர் இருந்தது. அந்த முரண் அன்று யாரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இரண்டு பொருளையும் ஒரே இடத்தில் சந்திக்க வைத்தார். ‘பெர்சோனா’ என்பது நாடக மேடையில் புகழ்பெற்றோரைக் குறித்து, பின் பதவியாளர்களுக்கு ஆகிவந்த சொல். அறிவுள்ள இயல்பில் தனித்து நிலைபெற்றிருப்பதே பெரிய மாண்பு. ஆகவே அத்தகைய ஒவ்வொருவரும் ‘பெர்சோனா’ என்பது அவர் முடிவு. ஆனால் மரண தண்டனையைப் பற்றிப் பேசும்போது, பாவம் செய்பவர் மனித மாண்பிலிருந்து விலகி விலங்கு நிலைக்குத் தாழ்கிறார் என்று அவரே எழுதினார். இழக்கக்கூடிய ரோம டிக்னிட்டாஸ் அங்கே மீண்டும் தலைகாட்டுகிறது. பிற்காலப் போதனை முழுவதும் இந்த ஒரு முடிச்சை அவிழ்க்கும் முயற்சி என்றே சொல்லலாம்.

13ஆம் லியோ 1891இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல், மாண்பைத் தொழிலாளியின் உரிமையோடு சேர்த்தது. பெரிய திருப்பம் 1965 டிசம்பர் 7இல் வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய உரிமை பற்றிய அறிக்கையை 2,308க்கு 70 என்ற வாக்கில் ஏற்றது. ‘மனித மாண்பு’ என்ற பொருளுடைய தொடக்கச் சொற்களே அதன் பெயர். மனச்சான்று உரிமையை 1832இல் 16ஆம் கிரகோரி கண்டித்திருந்தார். சங்கமோ அந்த உரிமையை மனிதரின் இயல்பிலேயே வைத்தது. உண்மையைத் தேடும் கடமையைச் செய்யாதவருக்கும் அது நீங்காது.

அடுத்து அக்குவினாஸின் வாதம் கைவிடப்பட்டது. கொலையாளியும் மாண்பை இழப்பதில்லை என்று 1995இல் இரண்டாம் ஜான் பால் எழுதினார். 2018இல் பிரான்சிஸ் மறைக்கல்வி ஏட்டின் 2267ஆம் எண்ணை மாற்றி, மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று எனக் காட்டியபோது, கொடிய குற்றத்துக்குப் பின்னும் மாண்பு எஞ்சுகிறது என்பது அதன் காரணங்களுள் ஒன்று.

2024 ஏப்ரலில் வெளிவந்த ‘டிக்னிட்டாஸ் இன்ஃபினிட்டா’ ஆவணம் சொல்லை நான்காகப் பிரித்தது. மனிதராய் இருப்பதாலேயே உள்ள மாண்பு முதலாவது. அது எந்நிலையிலும் அழியாது. நடத்தை, சமூக நிலை, வாழும் சூழல் ஆகியவை சார்ந்த மற்ற மூன்றும் குன்றக்கூடியவை. ரோமரின் பழைய பொருளில் எஞ்சியது இந்த மூன்றில் அடங்குகிறது.