தமிழ்நாட்டில் மரபணு மாற்றப் பயிர்களும் உயிரிப் பாதுகாப்பு விதிகளும்

மரபணு மாற்றப் பயிர்களுக்கான உயிரிப் பாதுகாப்பு விதிகள் என்பவை, ஓர் உயிரியின் மரபணுவை எடுத்து வேறொரு பயிரில் புகுத்தி உருவாக்கப்பட்ட விதைகளை ஆய்வுக்கூடத்தில் கையாளவும், வயலில் சோதிக்கவும், விவசாயிக்கு விற்கவும் யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பதைச் சொல்லும் சட்ட விதிகள் ஆகும். இந்தியாவில் இவை 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் கீழ் 1989 டிசம்பர் 5 அன்று அறிவிக்கப்பட்டன. இவ்விதிகளின்படி வணிகச் சாகுபடிக்கு ஒப்புதல் பெற்று இன்றுவரை பயிரிடப்பட்டு வருவது பருத்தி ஒன்றே. ஒப்புதல் பெற்றும் வயலுக்கு வராமல் நின்றுபோனது கத்தரி. அந்தக் கத்தரியில் நான்கு இரகங்கள் தமிழ்நாட்டுடையவை.

தொழிற்சாலைக்கு எழுதிய விதி

போபால் நச்சு வாயுக் கசிவு நிகழ்ந்தது 1984 டிசம்பரில். அதன் விளைவாக வந்ததுதான் சுற்றுச்சூழல் சட்டம். அந்தச் சட்டத்தின் வழிவந்த 1989 விதிகளிலும் போபாலின் நிழல் தெரிகிறது. விதிகளின் தலைப்பிலேயே "அபாயகரமான நுண்ணுயிரிகள்" முதலில் நிற்கின்றன. மரபணு மாற்றப்பட்ட உயிரிகளும் செல்களும் அதன் பின்னரே வருகின்றன. விதிகளை எழுதியவர்களின் மனக்கண்ணில் முதலில் இருந்தது நெல் வயலன்று, நுண்ணுயிரிகளைத் தொட்டிகளில் வளர்த்து மருந்தோ நொதியோ தயாரிக்கும் ஆலை.

மாவட்ட அளவிலான குழுவைப் பற்றிய பகுதியைப் படித்தால் இது தெளிவாகும். மாவட்ட ஆட்சியர் அதன் தலைவர். தொழிற்சாலை ஆய்வாளர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி, தலைமை மருத்துவ அலுவலர், மாவட்ட வேளாண் அலுவலர், மாநகராட்சி ஆணையர் முதலியோர் உறுப்பினர்கள். மரபணு மாற்ற உயிரிகளைக் கையாளும் இடங்களைப் பார்வையிடுவதும், விபத்து நேர்ந்தால் ஆலைக்கு வெளியே என்ன செய்ய வேண்டும் என்று திட்டம் வகுப்பதும் இக்குழுவின் பணிகள். அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற ஓரிடத்தில் அப்படி ஓர் ஆலை இருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இது நல்ல விடை. ஆனால் அதே குழுதான் ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு வயலில் சோதனைப் பயிர் நடப்பட்டாலும் கவனிக்க வேண்டியது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பதால் அங்கே திருவள்ளூர் ஆட்சியர் பொறுப்பு; 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்ட அம்பத்தூருக்குச் சென்னை ஆட்சியர். இப்படி ஒரு குழு தம் மாவட்டத்திற்கு உண்டு என்பதே பெரும்பாலான மக்களுக்குத் தெரியாது. பல மாநிலங்களில் மாநில, மாவட்டக் குழுக்கள் பெயரளவில்கூட இயங்கவில்லை என்ற குறை பிற்காலத்தில் பலமுறை எழுந்தது.

மேல்மட்டத்தில் உள்ள குழுக்களே நடைமுறையில் முடிவெடுத்தன. ஆய்வு செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதற்கு மேல், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் கீழ் மரபணுக் கையாளுகை மறுஆய்வுக் குழு. அதற்கும் மேல், சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு. ஒரு விதை வணிகச் சாகுபடிக்கு வருவதற்கான இசைவைத் தரவேண்டியது இந்த ஒப்புதல் குழுவே. அதன் பெயரில் இருந்த "ஒப்புதல்" என்ற சொல் பின்னர் ஒரு சர்ச்சைக்குக் காரணமாயிற்று.

பருத்தி முந்திக்கொண்டது

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. சுருக்கமாக பி.டி. என்பார்கள். சில வகைப் புழுக்களின் குடலைச் சிதைக்கும் புரதத்தை இது உண்டாக்குகிறது. அப்புரதத்துக்கான மரபணுவைப் பருத்தியில் புகுத்தினால், காய்ப்புழு அந்தச் செடியைத் தின்றதும் இறந்துவிடும். இதுவே பி.டி. பருத்தியின் அடிப்படை.

இதற்கான ஒப்புதல் 2002 மார்ச் 26 அன்று கிடைத்தது. மகிகோ நிறுவனத்தின் மூன்று கலப்பின விதைகள், தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களுக்கு அனுமதிக்கப்பட்டன. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, குஜராத்தில் நவபாரத் 151 என்ற பெயரில் விற்ற பருத்தியில் இதே மரபணு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அரசின் குழு ஆராய்ந்துகொண்டிருந்தபோதே விதை வயலுக்குப் போய்விட்டது. பயிரை அழிக்க உத்தரவு பிறந்தபோது பெரும்பகுதி பருத்தி பறிக்கப்பட்டுச் சந்தைக்குப் போயிருந்தது. குழுக்கள் எத்தனை அடுக்காக இருந்தாலும், விதைக்கடையில் விற்பதைச் சோதிக்க ஆளில்லையென்றால் பயனில்லை என்பதை அந்த நிகழ்வு காட்டியது.

பருத்தி உணவுப் பயிர் அன்று என்பதால் எதிர்ப்பு குறைவாக இருந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இது முழு உண்மையன்று. பருத்திக்கொட்டை எண்ணெய் சமையலுக்குப் போகிறது. பிண்ணாக்கு மாட்டுத் தீவனமாகிறது. எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது புரதம் ஏறத்தாழ முழுதும் நீங்கிவிடுகிறது என்பது நிறுவனங்களின் விளக்கம்.

கோவை நெல்வயல், 2006

2004இல் எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான பணிக்குழு, வேளாண் உயிரித் தொழில்நுட்பத்திற்குத் தன்னாட்சி கொண்ட ஒழுங்குமுறை ஆணையம் ஒன்று தேவை என்று பரிந்துரைத்தது. அமைச்சகத்தின் உள்ளேயே அமர்ந்திருக்கும் குழு போதாது என்பதை அரசு நியமித்த அறிவியலாளர்களே ஏற்றுக்கொண்டார்கள் என்று இதை வாசிக்கலாம். 2005இல் உச்ச நீதிமன்றத்தில் அருணா ரோட்ரிக்ஸ் முதலானோர் பொதுநல வழக்குத் தொடர்ந்தனர். அவ்வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டுகொண்டிருக்கிறது.

2006 நவம்பரில் கோயம்புத்தூர் மாவட்டம் இராமநாதபுரம் என்ற ஊரில், பி.டி. நெல்லின் சோதனை வயலில் விவசாயிகள் இறங்கிப் பயிரைப் பிடுங்கி எறிந்தனர். தன் நிலத்தில் வளர்வது மரபணு மாற்ற நெல் என்பது நிலத்தின் சொந்தக்காரருக்கே சொல்லப்படவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போது எழுந்தது. மாவட்டக் குழு, ஊராட்சி, பக்கத்து வயல்காரர் என்று விதிப்படி அறிந்திருக்க வேண்டியவர்கள் அறியாமல் ஒரு சோதனை நடந்தால், அதைப் பாதுகாப்பான சோதனை என்று யாரும் நம்பமாட்டார்கள்.

புதிய வயல் சோதனைகளை 2006 செப்டம்பரில் நிறுத்திவைத்திருந்த உச்ச நீதிமன்றம், 2007 மே மாதம் நிபந்தனைகளோடு அனுமதித்தது. சோதனை வயலுக்கும் அதே இனப் பயிர் வளரும் பிற வயலுக்கும் இடையே 200 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் பொறுப்பான அறிவியலாளர் ஒருவரின் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்பவை அவற்றுள் அடங்கும். விதிகளில் இருந்திருக்க வேண்டியதை நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது.

நான்கு கத்தரிகள்

கத்தரியின் முதல் எதிரி குருத்து, காய்த் துளைப்பான். இதன் புழு காய்க்குள் புகுந்துவிட்டால் மருந்து தெளித்தாலும் எட்டாது. ஆகவே புழு புகுவதற்கு முன்னரே விவசாயிகள் அடிக்கடி மருந்து அடிக்கிறார்கள். சென்னையின் மேற்குப் புறநகர் வீடுகளில் கத்தரிக்காயை நறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இந்தப் புழுவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பருத்தியில் பயன்பட்ட வழியைக் கத்தரிக்கும் கொண்டுவர மகிகோ முயன்றது. பின்னர், அமெரிக்க அரசின் உதவி நிறுவனமும் கார்னெல் பல்கலைக்கழகமும் பங்கேற்ற திட்டத்தின் வழியாக, அந்தத் தொழில்நுட்பம் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திற்கும் கருநாடகத்தின் தார்வாடு வேளாண் பல்கலைக்கழகத்திற்கும் 2005இல் வழங்கப்பட்டது.

கோவைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டவை கோ 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1, பாலூர் 1 ஆகிய நான்கு இரகங்கள். பெயர்களே அவை பிறந்த ஆராய்ச்சி நிலையங்களைச் சொல்கின்றன. இவை வெளிநாட்டுக் கலப்பினங்கள் அல்ல. நாட்டுக் கத்தரிகளிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவை. மதுரை 1, கள்ளம்பட்டிக் கத்தரியின் வழிவந்தது. கிள்ளிகுளம் 1 வெண்ணிறக் காய். கலப்பின விதையாக இல்லாததால் விவசாயி தானே விதை எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்பது பல்கலைக்கழகத்தின் வாதம். இது நியாயமான வாதமே. அதே காரணத்தால் எதிர்ப்பும் வலுத்தது. கத்தரியில் தேனீக்கள் மூலம் அயல் மகரந்தச் சேர்க்கையும் நடக்கும். ஒரு வயலின் மரபணு பக்கத்து வயலின் நாட்டுக் கத்தரிக்குப் போகும். கத்தரியின் பன்மயம் செழித்த நாடுகளில் முன்னிற்பது இந்தியா. கள்ளம்பட்டிக் கத்தரியை மாற்றியபின் பழைய கள்ளம்பட்டிக் கத்தரியை எங்கே தேடுவது என்பது இயற்கை வேளாண்மையாளர்களின் கேள்வி. கோ. நம்மாழ்வார் இதை ஊர் ஊராக எடுத்துச் சென்றார்.

2009 அக்டோபர் 14 அன்று ஒப்புதல் குழு பி.டி. கத்தரிக்கு இசைவளித்தது. மறுநாளே அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், இறுதி முடிவைத் தாம் மக்களைக் கேட்டபின் எடுப்பதாக அறிவித்தார். 2010 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் கொல்கத்தா, புவனேசுவரம், அகமதாபாத், நாகபுரி, சண்டிகர், ஐதராபாத், பெங்களூரு ஆகிய ஏழு நகரங்களில் கூட்டங்கள் நடந்தன. ஏறத்தாழ 8000 பேர் கலந்துகொண்டனர். நான்கு இரகங்களைத் தந்த தமிழ்நாட்டில் ஒரு கூட்டமும் இல்லை. தமிழ்நாட்டு விவசாயிகள் பெங்களூருக்கோ ஐதராபாத்துக்கோ போக வேண்டியதாயிற்று. இந்தக் குறையைப் பலர் கவனிக்காமலே விட்டுவிட்டார்கள்.

2010 பிப்ரவரி 9 அன்று அமைச்சர் பி.டி. கத்தரியை நிறுத்திவைத்தார். சுவாமிநாதனின் கருத்தும் அவருடைய முடிவில் இடம்பெற்றது. எலிகளுக்கு 90 நாள் உணவூட்டிச் செய்த ஆய்வு, வாழ்நாள் முழுதும் கத்தரி உண்ணும் மனிதருக்குப் போதாது; நெடுங்கால நச்சுத்தன்மை ஆய்வு வேண்டும்; நாட்டுக் கத்தரி இரகங்களைச் சேகரித்துக் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். தொழில்நுட்பத்தை ஆதரித்த ஒருவரிடமிருந்து வந்ததால் அதற்கு எடை கூடியது. சில மாதங்கள் கழித்து ஒப்புதல் குழுவின் பெயர் "மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு" என்று மாற்றப்பட்டது. குழு மதிப்பிட்டுச் சொல்லும், முடிவெடுப்பது அரசு என்பது இதன் பொருள். அறிவியலாளர் சிலர் இதை அரசியல் தலையீடு என்றனர். மக்கள் உண்ணும் உணவைப் பற்றிய முடிவுக்கு மக்களிடம் பதில் சொல்லவேண்டியவர் கையெழுத்திடுவதே முறை என்ற வாதமே வலுவானது.

இதற்கிடையே இன்னொரு விதி மீறல் குற்றச்சாட்டும் எழுந்தது. நாட்டுக் கத்தரி இரகங்களை நிறுவனங்கள் பயன்படுத்துவதற்கு, 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பன்மயச் சட்டப்படி அனுமதி பெறப்படவில்லை என்று கருநாடகத்தில் புகார் தரப்பட்டது. சென்னைத் தரமணியில் இயங்கும் தேசியப் பல்லுயிர்ப் பன்மய ஆணையம் 2011இல் சட்ட நடவடிக்கை எடுக்கத் தீர்மானித்தது. பாதுகாப்பானதா என்ற கேள்வியோடு யாருடைய விதை என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

பிந்தைய நிகழ்வுகள்

வயல் சோதனைக்கு மாநில அரசின் தடையின்மைச் சான்று வேண்டும் என்ற நடைமுறை 2011இல் வந்தது. 2012 ஆகஸ்டில் நாடாளுமன்ற வேளாண் நிலைக்குழு, அப்போதைய ஒழுங்குமுறையைக் கடுமையாக விமர்சித்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்ப வல்லுநர் குழு 2013இல் இறுதி அறிக்கை தந்தது. பெரும்பான்மையினர், நெல், கத்தரி போல இந்தியா தோற்றமையமாகவோ பன்மய மையமாகவோ உள்ள பயிர்களில் இத்தொழில்நுட்பம் வேண்டாம் என்றனர். தன்னாட்சி ஆணையத்துக்கான மசோதா 2013இல் மக்களவையில் வைக்கப்பட்டு, 2014இல் அவையின் காலம் முடிந்ததும் காலாவதியானது. சுவாமிநாதன் குழு கேட்ட ஆணையம் இன்றுவரை அமையவில்லை.

வங்காளதேசம் 2013 அக்டோபரில் இதே பி.டி. கத்தரிக்கு அனுமதி தந்தது. 2019இல் அரியானாவின் பதேகாபாத் மாவட்டத்தில் அனுமதியில்லாத பி.டி. கத்தரி வளர்வது கண்டறியப்பட்டு அழிக்கப்பட்டது. குஜராத் பருத்திக் கதை காய்கறியில் திரும்பியது. கோயம்பேடு சந்தைக்கு வரும் கத்தரிக்கூடையைப் பார்த்து இது எது என்று எந்த வியாபாரியாலும் சொல்ல முடியாது. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றே வழி. இறக்குமதியாகும் 24 வகை உணவுப் பயிர்களுக்கு மரபணு மாற்றமில்லை என்ற சான்று 2021 முதல் கட்டாயமாக்கப்பட்டது. உள்நாட்டு வயலிலிருந்து வருவதற்கு அப்படி ஒரு சான்று கேட்கப்படுவதில்லை.

கடுகுக் கலப்பினமான டி.எம்.எச். 11க்கு 2022 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அதில் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினர். நீதிபதி பி.வி. நாகரத்னா அனுமதியை ரத்துசெய்தார்; நீதிபதி சஞ்சய் கரோல் உறுதிசெய்தார். மரபணு மாற்றப் பயிர்களுக்கு ஒரு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர்.

இப்போது விவாதம் வேறிடத்திற்கு நகர்ந்துள்ளது. அயல் மரபணு எதையும் புகுத்தாமல், பயிரின் சொந்த மரபணுவிலேயே சிறு திருத்தம் செய்யும் முறை மரபணுத் திருத்தம் எனப்படும். அதில் இரு வகைகளுக்கு 1989 விதிகளின் முக்கியப் பிரிவுகளிலிருந்து 2022 மார்ச்சில் விலக்கு தரப்பட்டது. 2025 மே மாதம் அவ்வழியில் உருவான இரண்டு நெல் இரகங்களை மத்திய அரசு அறிவித்தது. அவற்றுள் கமலா எனப்படும் இரகம், தமிழ்நாட்டிலும் பலர் விரும்பிச் சமைக்கும் சம்பா மசூரியிலிருந்து வந்தது. இவ்விரண்டும் மதிப்பீட்டுக் குழுவின் முன் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. 2010இல் நிறுத்திவைக்கப்பட்ட கத்தரிக்கு அத்தகைய விலக்கு பொருந்தாது. அதில் இருப்பது பாக்டீரியாவின் மரபணு. ஆகவே அமைச்சரின் ஆணை அப்படியே நீடிக்கிறது.