முற்றவெளியில் ஒரு பந்தாட்டத் திடல்

பந்தாடும் திடலுக்கு வரலாறு ஏது என நம் வட்டத்து அன்பர் ஒருவர் நகைத்தார். நம் மங்கலத்தில் விசைத்தறிக் கூடங்களுக்கிடையே வெற்றிடம் கண்டால் சிறுவர் பந்துதைக்கின்றனர். அங்குக் கட்டடம் எழுந்தால் வேறிடம் பெயர்கின்றனர். அதை எவர் எழுதிவைப்பார் என்பது அவர் வினா. விடையாக, யாழ்ப்பாண நகரின் துரையப்பா விளையாட்டரங்கின் கதையை இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோண வடிவில் திருத்தியமைத்தனர். பீரங்கியின் பார்வைக்கு மறைப்பு இராதபடி கோட்டையைச் சுற்றி வெற்றுநிலம் விடுவது அக்காலப் போர்முறை. அந்நிலத்துக்குத் தமிழர் இட்ட பெயர் முற்றவெளி. கொலைக்கருவிக்கென ஒதுக்கிய நிலத்தை வீட்டு முற்றமாகக் கண்ட நாவை நம் கவிஞர்கள் வாழ்த்தலாம். குருநகர், நாவாந்துறை, பாசையூர் எனக் கால்பந்தில் பெயர்பெற்ற கடற்றொழிலாளர் ஊர்கள் அணித்தே உள்ளன. விளையாட்டரங்கு இவ்வெளியைச் சார்ந்தே அமைந்தது.

அதற்குப் பெயர் தந்த ஆல்பிரட் துரையப்பா வழக்குரைஞர். 1960இல் நாடாளுமன்றம் புகுந்தவர். பின்னர் மாநகர முதல்வர். அவர் முதல்வராயிருந்த காலத்தில்தான் 1974 சனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு அங்கு நிகழ்ந்தது. சனவரி 10ஆம் நாள் இறுதிக் கூட்டம் வீரசிங்கம் மண்டபத்தின் முன்றிலில் நடந்தது. திருச்சியிலிருந்து சென்ற பேராசிரியர் நயினார் முகமது உரையாற்றிக்கொண்டிருந்தபோது காவல்துறையினர் கூட்டத்துட் புகுந்தனர். தமிழ் கேட்க வந்தோருள் ஒன்பதின்மர் உயிரிழந்தனர். பழி துரையப்பாவின் மேல் விழுந்தது. 1975 சூலை 27ஆம் நாள் பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலுக்குச் சென்றவிடத்து அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலையை 1978இல் விடுதலைப் புலிகள் தமதென உரிமை கோரினர். மாண்ட ஒன்பதின்மருக்கான நினைவுத்தூண்கள் முற்றவெளியில் நிற்கின்றன. துரையப்பாவின் பெயரைத் தாங்கிய அரங்கும் அங்கேயே நிற்கிறது. இரண்டில் ஒன்றை அகற்றிவிட்டால் வரலாறு எளிதாகிவிடும். உண்மையாகிவிடாது என்பது என் கருத்து.

1981இல் அருகிருந்த பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்டது. அதன்பின் போர். 1990இல் கோட்டை முற்றுகையிடப்பட்டது. 1995 இறுதியில் நகரம் மீண்டும் இராணுவத்தின் வசமாயிற்று. பந்தாட்டம் பற்றி எழுத அவ்வாண்டுகளில் அதிகமில்லை.

1999 ஏப்ரலில் திடலைச் செப்பனிட மண்ணைத் தோண்டினர். புல்லுக்கடியில் மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. எவருடையவை, எக்காலத்தவை எனப் பலவாறு பேசப்பட்டது. ஆண்டுக்கணக்கில் காணாமற்போனோரைத் தேடிய தாய்மார்க்கு அச்செய்தி எவ்வாறு இருந்திருக்கும் என்பதை எழுத என் உரைநடைக்கு வலிமையில்லை.

பின்னர் இந்திய அரசின் உதவியால் ஏறத்தாழ ஏழு கோடி ரூபாய்ச் செலவில் அரங்கு புதுப்பிக்கப்பட்டது. 2016 சூன் 18ஆம் நாள் இலங்கைக் குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன யாழ்ப்பாணத்தில் இருக்க, இந்தியத் தலைமையமைச்சர் நரேந்திர மோடி தில்லியிலிருந்து காணொலிவழி பங்கேற்க, திறப்புவிழா நிகழ்ந்தது. அன்று அங்கு நடந்தது பந்தாட்டமன்று, யோகாசனம். பந்து பின்னர்தான் வந்தது.