பறிபோன ஆண்டுகளின் கணக்கு

போர் ஒரு மனிதனின் வாழ்வில் எத்தனை ஆண்டுகளைப் பறித்துக்கொள்கிறது? அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் டெட் வில்லியம்சைப் பொறுத்தவரை இதற்கு விடை உண்டு. அதே போர்க்காலத்தில் வாழ்ந்த வட சிலாங்கூர் தோட்டப் பாட்டாளிகளைப் பொறுத்தவரை விடை இல்லை.

வில்லியம்ஸ் போஸ்டன் ரெட் சாக்ஸ் குழுவுக்காக மைதானத்தின் இடது வெளிப்பகுதியில் ஆடியவர். 1941ஆம் ஆண்டில், 23 வயதில், அவரது பந்தடிச் சராசரி 0.406. அதன் பின்னர் அமெரிக்க லீக், தேசிய லீக் இரண்டிலும் எவரும் ஒரு முழுப் பருவத்தில் 0.400ஐத் தொட்டதில்லை. ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது போர் குறுக்கிட்டது. 1943, 1944, 1945 ஆகிய மூன்று பருவங்களும் இராணுவ விமானிப் பணியில் கழிந்தன.

1946இல் திரும்பியவருக்கு அவரது இடம் காத்திருந்தது. அந்த ஆண்டே லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். 1952இல் கொரியப் போர் மீண்டும் அழைத்தது. அங்கு 39 முறை போர் விமானத்தில் பறந்தார். ஒருமுறை தீப்பற்றிய விமானத்தைத் தரையிறக்கி உயிர் தப்பினார். 1960இல் ஓய்வு பெற்றபோது அவர் அடித்திருந்த ஹோம் ரன்கள் 521. இழந்த ஏறக்குறைய ஐந்து பருவங்களையும் ஆடியிருந்தால் எத்தனை அடித்திருப்பார் என்று ரசிகர்கள் இன்றும் கணக்குப் போடுகிறார்கள். பதிவேடு இருப்பதால் கணக்குப் போட முடிகிறது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை சிலாங்கூரைப் பிடித்தது. துரைமார்கள் ஓடினர். ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கே உணவானது. இந்த நிலையில்தான் சயாம் – பர்மா ரயில் பாதைக்கு ஆள் திரட்டினார்கள். முதலில் கூலி தருவதாக ஆசை காட்டினார்கள். பிறகு வலுக்கட்டாயமாகப் பிடித்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் நீளப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலராவும் பட்டினியும் ஆயிரக்கணக்கானோரை விழுங்கின.

அதே பாதையில் மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் இறந்தவர் எத்தனை பேர் என்பதில்கூட வரலாற்றாசிரியர்கள் ஒன்றுபடவில்லை. உயிரோடு திரும்பியவர்களுக்கு விருதும் இல்லை, வரவேற்பும் இல்லை, பால்மரமும் லயமும்தான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சயாமுக்குப் போன தலைமுறையும் ஏறக்குறைய மறைந்துவிட்டது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரக் குடும்பங்களில் பேச்சு வழியாகத் தங்கியிருப்பதே மிச்சம். போனவர் பெயர், தோட்டம், போன ஆண்டு, திரும்பினாரா என்ற நான்கு விவரங்களை ஒவ்வொரு குடும்பமும் எழுதி வைத்தால் போதும். அரசாங்கம் எழுதாத பதிவேட்டை நாமே தொடங்கலாம். இப்போது தொடங்காவிட்டால் பேரப்பிள்ளைகளிடம் கேட்பதற்குக்கூட எதுவும் மிஞ்சாது.