கரீப் என்னும் சொல்

அரபு மொழியில் ‘கரீப்’ என்றால் அயலான். அதே சொல் உருதுவிலும் இந்தியிலும் ஏழையைக் குறிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நாம் வெளியே வந்தபோது, பீகாரிலிருந்து வந்து ஒரகடத்தில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், “நாங்கள் கரீப் மனிதர்கள், ஹஸ்ரத்” என்று தம் நிலையை எடுத்துரைத்தார். வாடகையைப் பற்றித்தான் அவர் பேசினார். மதரஸாவில் பழகிய நம் செவியில் அச்சொல் அரபாகவே விழுந்தது.

படப்பை அன்று ஏரியும் வயலுமாக இருந்த ஊர். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் தொழிற்சாலைகள் பெருகிய பின்னர், குறிப்பாக 2010இல் ஒரகடத்தில் கார் ஆலை தொடங்கிய பின்னர், பல மாநில மக்கள் இங்கே குடியேறினர். வரிசை வீடுகளில் ஓர் அறைக்கு ஐவர், அறுவர். இரவுப் பணிக்குச் செல்பவர் எழுந்த பாயில் பகற்பணி முடித்தவர் படுக்கிறார்.

வந்தேறியவர்க்கு இடமளிப்பது எவ்வாறு என்பதற்கு நாம் ஓதிக்கொடுக்கும் கிரந்தங்களிலேயே வரலாறு உண்டு. கி.பி. 622இல் மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களைத் தங்கள் இல்லங்களில் ஏற்க அன்ஸார்கள் சீட்டுக் குலுக்கினர். உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) உம்முல் அலா (ரலி) அவர்களின் வீட்டாருக்குக் கிடைத்தது அப்படித்தான். பேரீச்சந் தோப்புகளையும் பங்கிட்டுக் கொடுக்க அவர்கள் முன்வந்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இசையவில்லை. முஹாஜிர்கள் தோப்பில் உழைக்கட்டும், விளைச்சலில் பங்கு பெறட்டும் என்று ஏற்பாடாயிற்று. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோ பாதிச் செல்வத்தைத் தருவதாகச் சொன்ன சகோதரரிடம் சந்தைக்கு வழி மட்டும் கேட்டார். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்று நிமிர்ந்தார்.

இதுவரை யாவரும் எடுத்துச் சொல்வர். இதற்கடுத்த செய்தியை நம்மில் பலர் விரைந்து கடந்துவிடுகிறோம். வீடும் தொழிலும் கிடைத்த பின்னரும் பிலால் (ரலி) அவர்கள் காய்ச்சலில் கிடந்தபோது, மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கு முளைக்கும் புல்லையும் நினைத்து ஏங்கிப் பாடினார்கள். மக்கா அவருக்கு என்ன கொடுத்தது? சுடுமணலும் நெஞ்சின்மேல் பாறையும். ஆயினும் ஏங்கினார். அதனை ஆயிஷா (ரலி) அவர்கள் வந்து கூறக் கேட்ட நபியவர்கள், அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மதீனாவும் மக்காவைப் போல நெஞ்சுக்கு இனியதாக வேண்டும் என்று துஆச் செய்தார்கள்.

நம் தமிழ் மக்களும் இதை அனுபவித்தவர்களே. பர்மாவில் 1962இல் நீ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகள் நாட்டுடைமையாயின. ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாதவையாயின. ரங்கூனில் பள்ளிவாசல் கட்டி வாழ்ந்த நம் வணிகர் உள்ளிட்ட பெருந்தொகையினர் வெறுங்கையுடன் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர். அரசு உதவிற்று. வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியிருப்புகள் எழுந்தன. 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தருகே பர்மா பஜார் தோன்றிற்று. ஆயினும் சிலர் தரித்திருக்க மாட்டாமல் தரைவழியே பர்மாவுக்கே திரும்பப் புறப்பட்டனர். எல்லையில் அனுமதி கிடைக்கவில்லை. அவர்கள் தங்கிய மணிப்பூரின் மோரே ஊரில் இன்றும் தமிழ் கேட்கிறது. ஆயிரக்கணக்கான மைல் நடத்திச் சென்ற அந்த ஏக்கத்தை எந்த மறுவாழ்வுக் கணக்கில் எழுதுவது?

கி.பி. 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் எழுப்பிய மாரிஸ்தானில் மனநோயாளருக்கும் இடமிருந்தது. உள்ளூரார், வெளியூரார் என்ற பேதமின்றிச் சேர்க்க வேண்டும் என்பது வக்ஃபு விதி. நம் நாட்டில் 1979இல் வந்த வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் தங்குமிடத்தையும் மருத்துவ வசதியையும் ஒப்பந்தக்காரர் மீது கடமையாக்கிற்று. மனநலம் அனைவர்க்கும் உரிமை என்று சொல்ல 2017ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதன் பின்னரும் 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகாரிகள் தாக்கப்படுகின்றனர் என்ற பொய்க் காணொளிகள் பரவியபோது, அஞ்சியவர்கள் மூட்டை கட்டினர். பொய்யென்று அதிகாரிகள் அறிவித்தனர். அஞ்சியவன் மொழியில் அருகமர்ந்து சொல்ல எத்தனை பேர் இருந்தோம்? நம் மஹல்லாவையும் சேர்த்தே கேட்கிறோம். பின்வரிசையில் தொழுதுவிட்டுப் போகும் அவர்களின் பெயர்களைக்கூட நாம் கேட்டு வைத்திருக்கவில்லை.

அந்த இளைஞர் வாடகையைப் பேசி முடித்த பின், இரவில் உறக்கம் வருவதில்லை என்றும் சொன்னார். 2022இல் தொடங்கிய அரசு மனநல உதவி எண் 14416ஐ எழுதிக் கொடுத்தோம். இந்தியிலும் பேசலாம் என்றோம். அடுத்த வாரம் கேட்டபோது அவர் அழைக்கவில்லை. “அறையில் ஆறு பேர், ஹஸ்ரத். எங்கே நின்று பேசுவேன்?” என்றார். இப்போது இஷாவுக்குப் பின் மதரஸாவின் முன்னறைச் சாவி அவரிடம் இருக்கிறது.